எடை குறைந்த சக்கரம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. திருப்பூர்ல இருந்து கார்லயா வந்தீங்க? வடவள்ளி வந்து சேர்றதுக்குள்ள டவுனுக்குள்ள நொந்து போயிருப்பீங்களே. ஒக்காருங்க. ஃபேனைக் கொஞ்சம் கூட வெக்கறேன். காப்பி நானே போட்டதுதான், சர்க்கரை பத்தலைன்னா சொல்லோணும்.

சக்கரம் அந்த ரூம்ல இருக்குது. காட்டறேன். அவசரம் ஒண்ணும் இல்லீங்களே?

விளம்பரம் போட்டது நானில்லைங்க, என்ற பொண்ணு சிந்துஜா. சென்னையில வேலையில இருக்கறா. போட்டோ நான் எடுத்து அனுப்புனது, கீழ எழுதுனது அவ. ‘ரோடு பைக் சக்கரம், ரிம் பிரேக், ஒரு தடவை கூட ஓட்டாதது, உடனே எடுத்துக்கணும்’னு எழுதியிருந்தாளே, அதுல ‘உடனே’ங்கறது உங்களுக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது. வர்ற புதன்கிழமை அவங்க அம்மாவுக்கு வருசம். சாமி கும்பிட அவ வரோணும்னா இந்தச் சக்கரம் ஊட்டுல இருக்கக் கூடாதாம். இருந்தா வாசப்படி மிதிக்க மாட்டாளாம். அம்மா போய்க் காரியமெல்லாம் முடிஞ்சு கெளம்புனவ, அதுக்கப்பறம் இந்த ஊட்டுக்கு வரவே இல்லைங்க. போன் பண்ணுவா. ‘சாப்ட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா’ம்பா, வெச்சுருவா. நீங்க இன்னைக்கு எடுத்துட்டுப் போயிட்டா புதன்கிழமை என்ற பொண்ணு வருவா. அவ்வளவுதான் விசயம். காலையில இருந்து உங்களுக்காகத்தான் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன்.

ஆனா ஒண்ணுங்க. இது என்ன சக்கரம், எப்படிப் பொறுக்கி எடுத்ததுன்னு தெரியாத ஒருத்தர் கையில சும்மா தூக்கிக் குடுத்தர எனக்கு மனசு வரலை. நீங்களும் சைக்கிள்காரர், கேட்டுக்குவீங்க. இங்க பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட பேச்செடுத்தா, ‘சைக்கிளு டயரா மாமா?’ன்னு கேப்பாங்க. டயராம்!

நான் பீளமேட்டுல மோட்டார் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருந்தவன். குழந்தைவேலுன்னா பழைய ஆளுகளுக்குத் தெரியும். ஒரு ஷாஃப்டு மயிரிழை கோணலா இருந்தாலும் என்ற மேசையைத் தாண்டாது. பெரிய படிப்பெல்லாம் இல்லீங்க. ஒரே ஒரு கொள்கைதான். ஒரு பம்பு தண்ணி எடுக்கலைன்னா, ஒரு நேரத்துக்கு ஒரு பாகத்தைத்தான் மாத்தோணும். பேரிங்கையும் மாத்தி இம்பெல்லரையும் மாத்துனா பம்பு ஓடிரும், ஓடாதுன்னு சொல்லலை, ஆனா எதுல கோளாறுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. புதுசா வர்ற பசங்க ரெண்டையும் மாத்திட்டு வந்து பல்லைக் காட்டுவாங்க. ‘போயி ஒண்ணைத் திரும்பக் கழட்டிட்டு வாங்கடா’ன்னு அனுப்பிருவேன். அதுக்கே எனக்கு ‘கழட்டு குழந்தைவேலு’ன்னு பட்டப்பேரு. சிரிங்க, பரவால்லை.

என்ற சம்சாரம் பேரு சாந்தாமணி. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்ங்கறதே எனக்குத் தெரியாதுங்க. கட்டிக்கிட்டு வந்து அத்தனை வருசம், ஒரு நாள் சொன்னதில்லை. சிந்துஜா வேலைக்குப் போனப்பறம் அவ சைக்கிளு சும்மா நின்னுட்டு இருந்துச்சு. ஒரு நாள் காய் வாங்க அதுல போனா. நான் பதறிப் போயி வாசல்ல நிக்கறேன், இவ கேரியர்ல சொரக்காயை வெச்சுக் கட்டிக்கிட்டு ஹாயா வர்றா. அப்பறம் மருதமலை அடிவாரம் வரைக்கும் போனா. அப்பறம் ஞாயித்துக்கெழமை ஒரு கோஷ்டி ஓட்டிட்டுப் போகும்ல, கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு, அதுல சேர்ந்துட்டா. டைல்ஸ் கடை ஹாரூன்னு ஒருத்தர், அவருதான் அந்த கோஷ்டிக்குத் தலைவரு. வெளிநாடு போன யாரோ ஒருத்தரோட ரோடு பைக்கை, ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்குமே அதை, அவருதான் இவளுக்குப் பேசி முடிச்சுக் குடுத்தாரு. ரிம் பிரேக் வண்டி. நல்ல ஃபிரேமு. சக்கரம் மட்டும் சாதா, வண்டியோட வர்றது, எருமை கனம்.

ஆனா பாருங்க, அந்த எருமைச் சக்கரத்துலயே அவ ஏறுனா! சமத்தரையில பசங்க போயிருவாங்க. ஏத்தம் வந்துச்சுன்னா ஒவ்வொருத்தனா பின்னால வருவான். இவ கொண்டையை ஹெல்மெட்டுக்குள்ள திணிச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம, மாவாட்டற மாதிரி ஒரே சீரா மிதிச்சுக்கிட்டுப் போயிருவா. மேல போயி நின்னுக்கிட்டு, கீழ இருந்து வர்றவங்களுக்கு வாழப்பழம் உரிச்சுக் குடுப்பா. ‘அக்கா, நீங்க எஞ்சின் வெச்சிருக்கீங்களா?’ம்பாங்க. எனக்கு நெம்பப் பெருமைங்க. சொல்லிக்கறதுக்கு என்ன.

நான் ஓட்ட மாட்டேன், எனக்கு முட்டி ஆகாது. ஆனா ஒரு ஞாயித்துக்கெழமை விட்டதில்லை. தண்ணி, பழம், பஞ்சர் சாமான் எல்லாம் கார்ல போட்டுக்கிட்டு அவளுக்குப் பின்னாலயே வருவேன். மெதுவா, ரெண்டாவது கியர்ல. கண்ணு முன்னால அவ பின்சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். அதையே பாத்துக்கிட்டு வருவேன். எனக்கு அது ஒரு நிம்மதிங்க.

அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி வரைக்கும் ஒரு தடவையாச்சும் கால் ஊனாம ஏறோணும். ஐப்பசி மழை விட்டதும் கோஷ்டியா போறதுன்னு முடிவாச்சு. அவ நகை கேட்டதில்லை, நல்ல சேலை கேட்டதில்லை. கேட்டது இது ஒண்ணுதான்.

கோளாறு எப்ப ஆரம்பிச்சுதுன்னா, சித்திரையில. மருதமலை ஏத்தம் அவளுக்கு ஒண்ணுமே இல்லாத ஏத்தம். அன்னைக்கு ரெண்டாவது வளைவுல நின்னுட்டா. கார்ல இருந்து எறங்கிப் போயி என்னன்னு கேக்கறேன். ‘மூச்சு வாங்குதுங்க. காலு கனமா இருக்குது’ங்கறா. வெயிலுன்னு நெனச்சேன். அடுத்த வாரம் மேகமா இருந்துச்சு, அப்பவும் நின்னா. அதுக்கடுத்த வாரம் முதல் வளைவுலயே. பின்னால வந்த பசங்க எல்லாம் தாண்டிப் போறாங்க. இவ மொகத்தைப் பாக்க முடியலைங்க.

நான் ஊட்டுக்கு வந்ததும் பின்சக்கரத்தைக் கழட்டி, சமையக்கட்டுத் தராசுல வெச்சேன். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இவ்வளவு கனத்தைச் சுத்திக்கிட்டு ஒரு பொம்பளை எப்படிங்க மலை ஏறுவா? ஃபிரேமுல இருக்கற எடை வேற, சுத்தற எடை வேற. சுத்தற எடை ரெட்டிப்பு. ‘உம்மேல ஒரு தப்பும் இல்லை சாந்தா, சக்கரந்தான்’னேன். அவளுக்கு அப்ப ஒரு சந்தோசம் பாருங்க. ‘நெசமாலுமா? நான் வயசாயிருச்சோன்னு நெனச்சேனுங்க’ன்னா.

அன்னைக்கு நல்ல சக்கரம் தேட எறங்குனவன்தான். ரிம் பிரேக் சக்கரம் நல்லதா ஒண்ணு தேடறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். எல்லாக் கம்பெனிக்காரனும் டிஸ்க் பிரேக்குக்குப் போயிட்டான். பழைய முறையில, ரப்பர் கட்டை ரிம்மையே கவ்விப் பிடிக்கற மாதிரி ஒசத்திச் சக்கரம் செய்யறவன் ஒண்ணு ரெண்டு பேருதான். அதுவும் இருக்கற சரக்கோட சரி. ‘டிஸ்க் வண்டியா மாத்திருங்கண்ணா’ன்னாரு ஹாரூன். எப்படி மாத்தறது? வண்டியும் மாறி சக்கரமும் மாறுச்சுன்னா எதுல கோளாறு இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

மொதல்ல கார்பன் பாத்தேன். எடை பஞ்சு மாதிரி. ஆனா கோத்தகிரியில ஏறுனா எறங்கோணுமில்ல? அவ எறக்கத்துல பயந்துக்கிட்டு பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேதான் வருவா. அப்படியே வளைவு வளைவாப் பிடிச்சுட்டு வந்தா கார்பன் ரிம்மு சூடேறி உப்பிரும், டியூப்பு வெடிச்சுரும். மழைன்னா பிரேக்கு நிக்கவும் நிக்காது. அதை லிஸ்டுல இருந்து அடிச்சுட்டேன். அப்பறம் ஒசரமான ரிம்மு, காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும்ங்கறானே, அது. நம்ம ஊர் ஆடிக்காத்துல, பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கறப்ப, அது காத்தைக் கிழிக்குமா? காத்து அவளைத் தூக்கி ரோட்டோரத்துல போட்டுரும். அதையும் அடிச்சுட்டேன். பசை போட்டு ஒட்டற டயரு, பஞ்சர் ஆனா அவ எப்படிப் பிரிப்பா? அடிச்சுட்டேன். கடைசியா அலுமினியத்துல ரெண்டு நின்னுச்சு. ஒண்ணு ஜப்பான்காரன் செஞ்சது, ஒண்ணு இத்தாலிக்காரன் செஞ்சது. ஜப்பான்காரனுக்கு பேரிங்கு அருமை, கழட்டிக் கழுவி கிரீஸ் போட்டுக்கலாம். இத்தாலிக்காரனுக்கு ரிம்மு லேசு, நடுவுல நடுவுல சீவி எடுத்திருப்பான். ஆரக்கம்பி தட்டையா கத்தி மாதிரி. இதா அதா, இதா அதா, ஆடி பூரா இதே ரோதனை. படுத்தா சக்கரம், எந்திரிச்சா சக்கரம். வெளிநாட்டுக்காரன் எழுதுனதையெல்லாம் போன்ல மொழிமாத்திப் போட்டுப் படிச்சேன். அவ பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டே தூங்கிருவா. பகல்லயே தூங்குவாளுங்க. நான் பேசறது போரடிக்குதாக்கும்னு விட்டுட்டேன்.

ஹாரூன் ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘அண்ணா, அக்கா மொகம் ஒரு மாதிரி வெளுத்திருக்குது, ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையோ’ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சுங்க. ‘நீங்க டிஸ்க் வண்டி ஓட்டறவரு, உங்களுக்கு எங்க கஷ்டம் புரியும்’னுட்டேன். அவ கால்ல நீல நீலமாக் கன்னிப் போயிருந்துச்சு, அது பெடல் இடிச்சது. பெடலுக்கு ரப்பர் சுத்திக் குடுத்தேன்.

பக்கத்து ஊட்டுல சரஸ்வதியம்மா ஒரு டானிக் பாட்டில் கொண்டாந்து குடுத்தாங்க. ரத்தம் ஊறும், குடி சாந்தான்னு. இவளும் மூடியைத் தொறந்துட்டா. நான்தான் நிறுத்தி வெச்சேன். ‘இப்பக் குடிக்காதே. ரெண்டும் ஒண்ணா ஆரம்பிச்சா சக்கரத்துனால ஏறுனியா, டானிக்குனால ஏறுனியான்னு தெரியாது. மொதல்ல சக்கரம் வரட்டும்’னேன். பாட்டிலை மூடி அலமாரியில வெச்சுட்டா. நான் சொன்னா எதுத்துப் பேச மாட்டாளுங்க.

ஒரு நாள் காலையில பல்லு வெளக்கிட்டு வந்து நின்னுக்கிட்டு, ‘ஏனுங்க, எதுக்கும் ஒரு தடவை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்தரலாமா?’ன்னா. நான் அப்ப பெங்களூர்க் கடைக்காரன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கறேன். இத்தாலிக்காரன்தான்னு முடிவு பண்ணி, கடைசி ஜோடி அவன்கிட்ட இருக்குது, வேற யாரோ கேக்கறாங்கங்கறான். கையைக் காட்டி இரு இருன்னேன். பேசி முடிச்சுட்டு, ‘சக்கரம் வந்துரட்டும் சாந்தா. அதுல ஏறிட்டீன்னா வண்டியில கோளாறு. ஏறலைன்னா ஒடம்புல கோளாறு. அப்பப் போலாம்’னேன். சரியான பேச்சுத்தானுங்களே அது? ஒரு நேரத்துக்கு ஒண்ணு. அவளும் சரிங்கன்னுட்டுப் போயி தோசை ஊத்துனா.

அந்தக் கடைக்காரனைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். ஜோடி கையில இருக்குதுன்னவன், அப்பறம் பாத்தா பின்சக்கரம் மட்டுந்தான் இருக்குது, முன்சக்கரம் வெளிநாட்டுல இருந்து வரோணும்ங்கறான். இன்னைக்கு வருது, நாளைக்கு வருது, கஸ்டம்ஸ்ல நிக்குது. புரட்டாசி அப்படியே போச்சு. ஆவணியிலயே வந்திருந்தா நான் ஒரே வாரத்துல பாத்திருப்பேன், இது வண்டியில்லை, ஒடம்புன்னு. அந்த வாரமே ஆசுபத்திரிக்குப் போயிருப்போம். தாமதம் அவன் பண்ணுனது. ஆனா இதை என்ற பொண்ணுகிட்டச் சொன்னா அவ என்னைய ஒரு பார்வை பாக்கறா பாருங்க, அந்தப் பார்வையை என்னால தாங்க முடியறதில்லை.

ஆயுத பூஜைக்கு ஊருக்கு வந்தா சிந்துஜா. நான் அம்மாவோட வண்டியைக் கழுவித் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை எல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன். உள்ள வந்தவ தோள்ல இருக்கற பையைக் கூட எறக்கலைங்க. அம்மாவோட கண்ணு எமையைக் கீழ இழுத்துப் பாத்தா. கையைப் புடிச்சு நகத்தைப் பாத்தா. ‘வாம்மா’ன்னு அப்படியே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வெளிய போயிட்டா. ‘பூஜை முடிச்சுட்டுப் போலாமே கண்ணு’ங்கறேன், திரும்பிக்கூடப் பாக்கலை. நான் வேட்டியோட பின்னால ஓடறேன்.

ரத்தத்துல புத்துநோய்ங்க. உள்ளுக்குள்ள ரத்தமே ஊறலை. ‘இந்த அளவு ரத்தத்தை வெச்சுக்கிட்டு இந்தம்மா நடந்து வந்ததே பெரிசு, சைக்கிள்ல மலை ஏறுனாங்களா?’ன்னு டாக்டரு நம்பவே இல்லை. முன்னாடியே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் செஞ்சு பாத்திருக்கலாம்னாரு. எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்லுவாங்க. பம்பு ரிப்பேர்க்காரனும் அதைத்தான் சொல்லுவான், நானே எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குனது எப்ப இருந்துன்னு கேட்டாரு. சித்திரையில இருந்துன்னு நான்தான் சொன்னேன். சிந்துஜா என் பக்கம் திரும்புனா. அப்ப ஆரம்பிச்சதுதான் அந்தப் பார்வை.

சக்கரம் எப்ப வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? தீபாவளி கழிச்சு. நான் ஆசுபத்திரியில இருந்து குளிக்க வந்தப்ப வாசல்ல பெட்டி கெடக்குது. பிரிச்சுப் பாத்தேன். அப்படியே ஒக்காந்து அழுதுட்டேங்க. அவ்வளவு லட்சணம். கோணல் பாக்கற டயல் கேஜ் வெச்சு சுத்திப் பாத்தா முள்ளு அசையவே இல்லை. இத்தனை வருசத்துல அந்த மாதிரி ஒரு வேலையை நான் பாத்ததில்லை. இதை அவளுக்குக் காட்டாம எப்படி?

முன்சக்கரத்தை மட்டும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். வாட்ச்மேன் விட மாட்டேங்கறான். நர்சு ஒரு மலையாளத்துப் பொண்ணு, எங்களை நல்லாத் தெரியும், ஸ்பிரிட்டுப் போட்டு ரிம்மு, ஆரக்கம்பி எல்லாம் தொடைக்க வெச்சு உள்ள விட்டுச்சு. சாந்தா தலையில முடியில்லாம ஒரு துண்டைக் கட்டிக்கிட்டுப் படுத்திருந்தா. சக்கரத்தைப் பாத்ததும் கண்ணை நல்லா முழிச்சுட்டா. தலகாணியை ஒசத்தி வெச்சு, நடுவுல அச்சு இருக்குதில்ல, அதை ரெண்டு பக்கமும் அவ ரெண்டு கையில குடுத்தேன். நான் சுத்தி விட்டேன். சுத்துதுங்க, சுத்துது, சத்தமே இல்லாம. அவ பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் கையி மெல்ல மெல்லக் கீழ எறங்குச்சு. ‘ஏனுங்க’ன்னா. ‘கனமா இருக்குதுங்க’ன்னா.

கனமா இருக்குதாம்! உலகத்துல அதை விட லேசா ஒரு சக்கரம் அந்த வண்டிக்குக் கெடைக்காது. எத்தனை மாசம் தேடுனது. என் மொகம் போன போக்கைப் பாத்துட்டு, ‘இல்லீங்க, நல்லா இருக்குது, நல்லாச் சுத்துது’ன்னா. ஆனா மொதல்ல சொன்னதுதானுங்களே மனசுல இருந்து வந்தது? ஊட்டுக்கு வந்ததும் வராததுமா தராசுல வெச்சுப் பாத்தேன். டப்பாவுல போட்டிருக்கற எடையை விடவும் துளி கம்மிதான். அடுத்த நாள் போனதும் அவகிட்டச் சொன்னேன். ‘நேத்து நீ சொன்னது தப்பு சாந்தா. எடை சரியாத்தான் இருக்குது’ன்னேன். சிரிச்சுட்டாளுங்க. ஒதடெல்லாம் புண்ணு, அதோட சிரிச்சா. ‘சரிங்க, அப்ப எங்கிட்டத்தான் கோளாறு’ன்னா. அதுக்கப்பறம் அவ சிரிச்சு நான் பாக்கலை. மார்கழி பொறக்கறதுக்கு முன்னாலயே போயிட்டா.

காப்பி ஆறிப் போச்சு, குடிங்க. எனக்கு ஒண்ணுமில்லை. இந்த இடம் வந்தா இப்படித்தான் ஆயிருது.

காரியம் முடிஞ்ச அன்னைக்கு சிந்துஜா கெளம்பறப்ப சக்கரம் இருக்கற ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு சொன்னா. ‘அப்பா, ஆறு மாசம் அம்மா உங்க கண்ணு முன்னாடிதான் வெளுத்துக்கிட்டே போனா. நீங்க வீலையே பாத்துட்டு இருந்தீங்க’ன்னா. வண்டி ஏறலைன்னா சக்கரத்தைப் பாக்காம வேற எதைப் பாக்கறது? எனக்குத் தெரிஞ்சது அதுதானே? நான் அவளைக் கண்டுக்காம சீட்டாடப் போனேனா? தண்ணியடிச்சேனா? ராத்திரி பகல் அவ நெனப்பாத்தானே இருந்தேன்? அவளுக்கு எது நல்லதுன்னு பாத்துப் பாத்துத்தானே பொறுக்குனேன்? அந்தக் காத்து, அந்த எறக்கம், அவ பிரேக்குப் புடிக்கற பழக்கம், எல்லாத்தையும் யோசிச்சுத்தானே? எந்தப் புருசன் இவ்வளவு பாப்பான், சொல்லுங்க. பெத்த பொண்ணு புரிஞ்சுக்க மாட்டேங்கறாளே. அந்த வெசனந்தான் என்னையத் திங்குது தம்பி. செத்தவ கூட என்னைய ஒரு வார்த்தை சொல்லலை.

சரி, போனது போச்சு. வாங்க, சக்கரத்தைப் பாருங்க. அந்தப் போர்வையை எடுங்க. வாரத்துக்கொருக்கா தொடைச்சு வெக்கறதுதான், தூசி இருக்காது. தூக்கிப் பாருங்களேன். ஒரு கையில தூக்குங்க. என்ன, மூச்சு விட மறந்துட்டீங்களா? எல்லாரும் அப்படித்தான். சுத்தி விடுங்க. நிக்கவே நிக்காது, நாம போயி ஒரு ஜோலி பாத்துட்டு வரலாம். பிரேக்குக் கட்டை புதுசா மாத்திக்கோங்க, பழசுல மண்ணு ஒட்டியிருந்தா ரிம்மைக் கீறிரும். அட்டைப்பெட்டி அதே பெட்டிதான், பத்திரமா வெச்சிருக்கறேன், கார்ல பின்சீட்டுல படுக்க வெச்சுருவோம். விலை என்ற பொண்ணு சொன்னதுதான், நான் அதுல தலையிடலை. புதன்கிழமை அவளுக்குப் பிடிச்ச பணியாரத்துக்கு மாவு சொல்லி வெக்கோணும்.

உங்க வண்டியும் பழைய வண்டிதானே? என்ன சக்கரம் போட்டிருக்கறீங்க இப்ப?

அதுவா? அது ஒண்ணும் மோசமில்லையே. நல்ல சக்கரந்தானே அது. கனமும் கெடையாது. நான் அதையும் பாத்துத்தான் வெச்சிருந்தேன். அதை வெச்சுக்கிட்டு இதை எதுக்குங்க தேடி வர்றீங்க?

ஏத்தம் ஏற முடியறதில்லையா?

முன்ன ஏறிட்டு இருந்தீங்களா? ஊதியூர் மலை ஏத்தமா. நல்லா ஏறிட்டு இருந்தவரு. சரி. எப்ப இருந்துங்க முடியலை? மாசி போயி பங்குனியில இருந்தா? கூட ஓட்டறவங்க சக்கரத்தை மாத்திப் பாருன்னாங்களா?

வயசு என்ன இருக்கும் உங்களுக்கு? நாப்பத்தஞ்சு. வேலை அலுப்பா இருக்கும்ங்கறீங்க. இருக்கலாம், இருக்கலாம். பனியன் கம்பெனின்னா தூக்கம் கெட்டுப் போகுந்தான்.

தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த ஜன்னல் பக்கம் வாங்க, வெளிச்சத்துக்கு. கையைக் காட்டுங்க. இந்தக் கையி. நகத்தைக் காட்டுங்க.

அந்தச் சக்கரத்தைக் கீழ வைங்க.

வைங்க தம்பி. போர்வையை நான் போத்திக்கறேன். இல்லைங்க, விலையெல்லாம் ஒண்ணுமில்லை. வேற யாரும் கேக்கவும் இல்லை. இதை நான் உங்களுக்குக் குடுக்கறதா இல்லை. கோவிச்சுக்காதீங்க, நீங்க எத்தனை சொன்னாலும் குடுக்க மாட்டேன். ஊட்டுல சம்சாரம் இருக்குதா? குழந்தைங்க? அவங்களுக்கு இது தெரியுமா, மூச்சு வாங்கறது? சொல்லலையா. சொல்ல மாட்டீங்க, சைக்கிள்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க.

ஒண்ணுமே இல்லாமக்கூட இருக்கலாம். வெறும் அலுப்பாத்தான் இருக்கும். பயப்படாதீங்க, நான் யாரு உங்களைப் பயமுறுத்தறதுக்கு? ஆனா ஒரு ரத்த டெஸ்டு எடுத்தரலாம். ஒரு ஊசி குத்தறது. இங்க பக்கத்துலயே லேப் இருக்குது, சாயங்காலத்துக்குள்ள கையில குடுத்துருவாங்க. திருப்பூர் போயி எடுத்துக்கறேன்னு சொன்னீங்கன்னா நான் நம்ப மாட்டேன். போன உடனே கம்பெனி, ஆர்டரு, அது இதுன்னு தள்ளிப் போட்டுருவீங்க.

புதன்கிழமையா? அது கெடக்குது. அவகிட்ட நான் சொல்லிக்கறேன். சக்கரம் இன்னும் ஊட்டுலதான் இருக்குது கண்ணு, குடுக்க முடியலைன்னு சொல்றேன். வந்தா வரட்டும். வரலைன்னா, வரலை.

கார் சாவி உங்ககிட்டதானே இருக்குது? ஒரு நிமிசம் இருங்க. இந்த பனியனோட வரக் கூடாது, ஒரு சட்டையை மாட்டிக்கிட்டு வந்தர்றேன். நானும் கூட வர்றேன்.